பார்பிகியூ ட்ரெய்லருக்கு எந்த அக்சில்? முதலில் பாரத்தை நிறுங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. நான் உரும்பிராயில் இருக்கிறேன். கலியாண வீடு, பிறந்தநாள், கடற்கரை ஒன்றுகூடல் என்று கூப்பிடுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகக்கூடிய பார்பிகியூ அடுப்பு ஒன்றை மச்சானும் நானும் செய்துகொண்டிருக்கிறோம். ரெக்சாஸ் மாநிலத்து வீடியோ ஒன்றைப் பார்த்துத்தான் அமைப்பை எடுத்தோம். 6 மி.மீ. தகட்டில் 2 அடி விட்டம், 5 அடி நீளமான உருளை. அதன் பின்பக்கத்தில் 20 அங்குலச் சதுர நெருப்புப் பெட்டி. எல்லாம் சேர்த்து 350 கிலோ வரும் என்று நினைக்கிறோம். எங்கள் பழைய டொல்பின் வான்தான் இழுக்கும். அக்சிலுக்கு மூன்று வழி இருக்கிறது. பக்கத்து வீட்டில் சும்மா கிடக்கும் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியின் அக்சில், ஸ்பிரிங் இல்லாதது. பழைய இரும்புக் கடையில் ஒரு வானின் பின் அக்சில், ஸ்பிரிங்கோடு. மூன்றாவது, கனடாவில் இருக்கும் சித்தப்பா அனுப்பித் தருவதாகச் சொல்லும் 3500 இறாத்தல் ரப்பர் அக்சில். எதைப் போடலாம்? ஸ்பிரிங் கட்டாயம் வேண்டுமா? அக்சிலைச் சட்டத்தின் நடுவில் வைத்தால் சரிதானே?

பதில்: தம்பி, மூன்றில் எது என்று சொல்ல முன், அந்த 350 கிலோவைப் பார்ப்போம். அந்தக் கணக்கு பிழைத்தால் நான் எந்த அக்சிலைச் சொன்னாலும் பிழைதான்.

இரும்புத் தகட்டின் பாரம் ஒரு சதுர மீற்றருக்கு, ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும், 7.85 கிலோ. உங்கள் 6 மி.மீ. தகடு ஒரு சதுர மீற்றர் 47 கிலோ. உருளையையும் இரண்டு மூடிகளையும் விரித்துப் பார்த்தால் ஏறத்தாழ 3.5 சதுர மீற்றர் வரும். அது 165 கிலோ. நெருப்புப் பெட்டி இன்னொரு 73 கிலோ. கதவு, கம்பி வலை, புகைபோக்கி எல்லாம் சேர்த்து 45. 100க்கு 50 பெட்டிக் குழாயில், 3 மி.மீ. தடிப்பில் சட்டம் அடித்தால் மீற்றருக்கு 7 கிலோ. 16 மீற்றர் போகும், அது 110. நிற்கும் தளத்துக்குத் தகடு 50. அக்சில், ஸ்பிரிங், சில்லு என்று குறைத்துப் போட்டாலும் 80. இவ்வளவும் வெறும் இரும்பு. இதற்கு மேல் விறகு 50, ஐஸ் பெட்டியும் இறைச்சியும் மீனும் 70, தண்ணீர் 40, மேசை சட்டி பானை 30. கூட்டிப் பாருங்கள், 710ஐத் தாண்டுகிறது. நீங்கள் நினைத்ததின் இரண்டு மடங்கு. விறகுக்குப் பதிலாகச் சிரட்டைக்கரி கொண்டுபோனால் கொஞ்சம் குறையும், ஒரு கிலோ கரி ஏறக்குறைய இரண்டு கிலோ விறகின் சூட்டைத் தரும். ஆனால் இரும்பின் பாரம் குறையாது. ஆகவே சில்லு, அதைப் பூட்டும் ஹப், அக்சில் மூன்றையும் 1000 கிலோ தாங்கும்படி எடுங்கள்.

அடுத்தது, அக்சிலை நடுவில் வைக்கலாமா என்ற கேள்வி. வைக்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது இந்த ஒரு வரிதான்.

நான் பட்டறை தொடங்கிய காலத்தில், தண்ணீர்த் தாங்கி வைக்கும் ட்ரெய்லர் ஒன்று செய்து கொடுத்தேன். சட்டத்தின் நடுவை அளந்து, சரியாக அங்கே அக்சிலை ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாங்கினவர் யாழ்ப்பாணத்துக் கடலேரியின் மேல் போகும் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போகும்போது, தாங்கியைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறார். சோளகம் வீசும் மாதம். அந்த வெட்டவெளியில் பக்கக் காற்று ஒரு தள்ளுத் தள்ள, ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெரிதாகி, வாகனத்தின் பின்பக்கத்தையே இடமும் வலமும் இழுத்திருக்கிறது. மனுசன் பிரேக்கை மிதிக்காமல் காலை எடுத்து, வேகம் தானாகக் குறையவிட்டபடியால் கடலுக்குள் போகவில்லை. அன்றைக்கு அவர் என் பட்டறை வாசலில் வந்து நின்ற முகம் இன்றும் நினைவில் நிற்கிறது. பிழை என்னுடையது. அதற்குப் பிறகு நான் அளவுநாடாவை மட்டும் நம்பி ஒரு அக்சிலும் ஒட்டியதில்லை.

கொழுவும் இடத்தில், அதாவது வானின் பின்னால் பூட்டும் இரும்புப் பந்தின் மேல், ட்ரெய்லரின் மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 சதவீதம் அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் வாலாட்டும். மிகக் கூடினால் வானின் பின்பக்கம் குந்தி, முன் சில்லு இலேசாகி, ஸ்டீயரிங் பிடி தளரும். கணக்கு எளிது. மொத்தப் பாரத்தை, அக்சிலிலிருந்து பாரத்தின் மையம் எவ்வளவு முன்னுக்கு இருக்கிறதோ அந்தத் தூரத்தால் பெருக்கி, அக்சிலுக்கும் கப்ளிங்குக்கும் (பந்தைக் கவ்வும் ட்ரெய்லரின் முன் நுனி) இடையிலுள்ள தூரத்தால் பிரியுங்கள். உங்கள் அளவில் அக்சிலிலிருந்து கப்ளிங் 2.6 மீற்றர் என்று வைப்போம். பாரத்தின் மையம் அக்சிலுக்கு 30 செ.மீ. முன்னால் இருந்தால் பந்தில் 82 கிலோ நிற்கும், நல்லது. 10 செ.மீ. மட்டும் முன்னால் இருந்தால் 27 கிலோதான். அது ஆபத்து.

பார்பிகியூ ட்ரெய்லரில் இந்தச் சிக்கல் மற்ற ட்ரெய்லர்களைவிடக் கூட. ஏனென்றால் இருக்கிற பொருட்களில் பாரமான ஒன்று, நெருப்புப் பெட்டி, கடைசி வாலில் தொங்குகிறது. அக்சிலுக்கு ஒரு மீற்றர் பின்னால் அது இருந்தால், பந்திலிருந்து 28 கிலோவைத் தூக்கிவிடும். இதைச் சரிசெய்ய விறகையும் ஐஸ் பெட்டியையும் முன்னுக்கு வைக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எல்லாருக்கும் தோன்றும். ஆனால் வீட்டுக்குத் திரும்பி வரும்போது என்ன நடக்கும் என்று பாருங்கள். விறகு எரிந்து முடிந்தது, ஐஸ் பெட்டி வெறுமை. அக்சிலுக்கு 1.2 மீற்றர் முன்னால் இருந்த 120 கிலோ இல்லாமல் போனால் பந்தில் 55 கிலோ குறையும். போகும்போது 82 நின்ற இடத்தில் வரும்போது 27. மீதி 590 கிலோவில் அது 5 சதவீதம்கூட இல்லை. இரவு பன்னிரண்டு மணி, களைப்பு, வீதி வெறுமை என்று கொஞ்சம் வேகமாகவும் வருவீர்கள். ஆகவே குறைந்து கூடும் பொருட்கள் எல்லாவற்றையும் அக்சிலுக்கு நேர் மேலே, முடிந்தளவு அதை ஒட்டி வையுங்கள். வெறும் ட்ரெய்லரில் சமநிலையைப் பிடியுங்கள். அப்போது போகும்போதும் வரும்போதும் ஒரே மாதிரி இருக்கும்.

அந்தச் சமநிலையைப் பிடிப்பதற்கு நான் செய்வதைச் சொல்கிறேன். சட்டம், உருளை, நெருப்புப் பெட்டி, கதவு, புகைபோக்கி என்று எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள். ஸ்பிரிங் தாங்கிகளை மட்டும் ஒட்ட வேண்டாம். சீமெந்து நிலத்தில் இரண்டு மரக்கட்டைகளை வைத்து, அவற்றின் மேல் குறுக்காக 2 அங்குலக் குழாய் ஒன்றைப் போடுங்கள். செயின் புளொக்கால் முழுவதையும் தூக்கி அந்தக் குழாயின் மேல் இறக்குங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் கட்டை அடுக்கி, 5 செ.மீ. மட்டும் இடைவெளி விடுங்கள். கவிழ்ந்தாலும் கட்டையில் இருக்கும், ஒருவருடைய காலிலும் விழாது. குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பாருங்கள். ஒரு இடத்தில் முன்னும் பின்னும் சாயாமல், விரலால் தள்ளினாலே ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த இடத்தில் சட்டத்தின் இரு பக்கமும் சோக்கால் கோடு போடுங்கள். அக்சிலும் அதன் மேல் வரும் சாமான்களும் பந்தில் பாரம் சேர்க்காதபடியால் இங்கே 30 செ.மீ. காணாது. அக்சிலின் மையம் அந்தக் கோட்டுக்கு 45 செ.மீ. பின்னால் வரட்டும். எல்லாம் பூட்டிய பிறகு, அரிசி ஆலையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்றை வாடகைக்கு எடுத்து, கப்ளிங்கை அதன் மேல் முட்டுக் கொடுத்து நிறுத்துப் பாருங்கள். கப்ளிங் வானின் பந்து இருக்கும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்த்தி நிறுத்தால் கணக்கு மாறும்.

இப்போது உங்கள் மூன்று அக்சில்கள்.

லாண்ட்மாஸ்டர் அக்சிலை விட்டுவிடுங்கள். அது வயலுக்கும் ஒழுங்கைக்கும், மெதுவாக ஊர்ந்து போவதற்கும் செய்தது. கண்டி வீதியில் வானின் பின்னால் 50 கி.மீ. வேகத்தில் ஓட அந்த ஹப்பும் ரயரும் உத்தேசிக்கப்படவில்லை. சில்லுகளுக்கு இடையிலான அகலமும் குறைவு. உங்கள் உருளையோ நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் இருக்கப்போகிறது. உயரமான பாரமும் ஒடுக்கமான அக்சிலும் வளைவில் கவிழும்.

சித்தப்பாவின் ரப்பர் அக்சில் நல்ல சாமான்தான், அதில் சந்தேகமில்லை. சதுரக் குழாய்க்குள் இன்னொரு தண்டும், இடையில் ரப்பர் உருளைகளும் இருக்கும். சில்லு மேலே எழும்பும்போது தண்டு முறுக்கி ரப்பரை நசுக்கும். சத்தமில்லாமல் ஓடும். ஆனால் 3500 இறாத்தல் என்றால் 1588 கிலோ. அந்தப் பாரத்துக்கு அளவாக்கிய ரப்பர் உங்கள் 710 கிலோவுக்கு அசையவே மாட்டாது. ஸ்பிரிங் போட்டும் போடாத மாதிரி இருக்கும். அப்புறம், ரப்பர் வயதானாலோ, பக்கத்தில் வெல்டிங் பிடித்து வெந்துபோனாலோ, இங்கே அதைத் திறந்து திருத்த முடியாது. முழு அக்சிலும் மாற வேண்டும். சித்தப்பாவுக்கு அனுப்பித் தர மனமிருந்தால், 2 அங்குலக் கப்ளிங் ஒன்றும் அதே அளவுப் பந்து ஒன்றும் ஒரே கடையில் சோடியாக வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அங்கே ஒன்றே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடிய, 1 7/8 அங்குலப் பந்தும் விற்பார்கள். அது 2 அங்குலக் கப்ளிங்குக்குள் போய் இருந்துகொள்ளும், பார்வைக்குத் தெரியாது, ஒரு பள்ளத்தில் துள்ளும்போது கழன்றுவிடும்.

ஆகவே வானின் பின் அக்சிலை எடுங்கள். அகலம் காணும், பிரேக் டிரம் அதிலேயே இருக்கிறது, பெயாரிங்கும் சீலும் யாழ்ப்பாணத்திலேயே வாங்கலாம். ஆனால் நடுவில் டிஃபரன்ஷியல் (எஞ்சினின் சுழற்சியை இரண்டு சில்லுக்கும் பிரிக்கும் பல்லுச் சில்லுப் பெட்டி) இருக்கிறதே, அதைக் கழற்றிப் பாரத்தைக் குறைப்போம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த வகை அக்சிலில் சில்லைச் சுமப்பதே உள்ளே இருக்கும் தண்டுதான். தண்டின் வெளி நுனியைப் பெயாரிங் பிடித்திருக்கிறது, உள் நுனியை டிஃபரன்ஷியலின் பல்லுச் சில்லுப் பிடித்திருக்கிறது. நடுவைக் கழற்றினால் உள் நுனிக்குப் பிடிமானம் இல்லை, சில்லு உதறத் தொடங்கும். நடுவை வெட்டிக் குழாய் வைத்து ஒட்டுவது இன்னும் மோசம். ஒட்டுச் சூட்டில் குழாய் இழுத்து, இரண்டு சில்லும் இரண்டு திசையைப் பார்க்கும். டிஃபரன்ஷியலை அப்படியே விட்டு, கியர் ஒயில் விட்டு, இரண்டு பக்கச் சீலையும் புதிதாக்குங்கள். பாரம் கூடத்தான். அந்தப் பாரம் கீழே, அக்சிலின் மட்டத்திலேயே இருப்பதால் எனக்குக் கவலையில்லை. வாங்க முன் இரண்டு றிம்முக்கும் இடையிலான தூரத்தை முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து பாருங்கள். 2, 3 மி.மீ. இக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த வான் எங்கேயோ அடிபட்டிருக்கிறது, வேறு தேடுங்கள்.

ஸ்பிரிங் வேண்டுமா என்று கேட்டீர்கள். கட்டாயம் வேண்டும். ஸ்பிரிங் இல்லாவிட்டால் அதிர்ச்சி எங்கேயும் போய்விடாது, உங்கள் ஒட்டுகளுக்குள் போகும். புகைபோக்கியின் அடி ஒட்டைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு முதலில் வரும். கரிப்படிவுக்குள் அது தெரியாது. ஆறு மாதத்தில் கதவு சரியாக மூடாமல் புகை கசியத் தொடங்கும்போதுதான் பிடிபடும்.

ஆனால் ஸ்பிரிங் என்ற பெயரில் எதையும் பூட்டினால் சரி என்று இல்லை. லொறி ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கிப் பூட்டும் வழக்கம் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. தகட்டு ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தால், அந்த நீளத்தை மூன்று முறை பெருக்கிய கணக்கில் விறைப்புக் கூடும். நீளத்தைப் பாதியாக்கினால் விறைப்பு 8 மடங்கு. தடிப்புக் கூடினாலும் அதே கணக்கில் விறைப்புக் கூடும். 6 மி.மீ. தகட்டுக்குப் பதில் 8 மி.மீ. போட்டால் ஏறத்தாழ 2.4 மடங்கு விறைப்பு. தகடுகளின் எண்ணிக்கை மட்டும்தான் நேர்க் கணக்கு. ஆறில் ஒன்றை எடுத்தால் ஆறில் ஒரு பங்கு விறைப்புக் குறையும். ஆகவே அந்த வானின் ஸ்பிரிங்கையே, முழு நீளத்தோடு, இரு நுனிக் கண்ணும் ஷக்கிளும் (ஸ்பிரிங்கின் ஒரு நுனியைச் சட்டத்தோடு அசையும்படி இணைக்கும் துண்டு) இருந்த மாதிரியே பூட்டுங்கள். வான் சுமந்தது உங்கள் பாரத்தைவிடக் கூட. அதனால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அடியில் உள்ள குட்டைத் தகட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கண் உள்ள மேல் தகட்டையும் அதைத் தாங்கும் இரண்டாவது தகட்டையும் தொடவே கூடாது. எது போதும் என்று எப்படித் தெரியும்? ட்ரெய்லரை ஜக்கில் தூக்கி, சில்லு தொங்கும்போது அக்சிலிலிருந்து சட்டம் வரை அளவுங்கள். பிறகு இறக்கி, சாமான் ஏற்றி அளவுங்கள். 4 முதல் 6 செ.மீ. வரை தாழ்ந்தால் எனக்குத் திருப்தி. ஒரு செ.மீ. மட்டும் தாழ்ந்தால் இன்னும் ஒரு தகட்டை எடுங்கள். ஷொக் அப்சோபர் இல்லாமலும் இந்தப் பாரத்துக்கு ஓடும், தகடுகள் ஒன்றோடு ஒன்று உரசுவதே ஆட்டத்தை அடக்கும். அக்சிலில் அதற்கான காது இருப்பதால் பூட்டுவதே நல்லது.

தாங்கிகளை ஒட்டும்போது இரண்டு விஷயம். கப்ளிங்கின் மையத்திலிருந்து அக்சிலின் இடது நுனிக்கும் வலது நுனிக்கும் நாடா பிடித்து அளவுங்கள். இரண்டும் 3 மி.மீ. இக்குள் ஒத்து வரவேண்டும். இல்லாவிட்டால் ட்ரெய்லர் நண்டு மாதிரிச் சரிந்து ஓடி ரயரைத் தின்றுவிடும். மற்றது, வெல்டிங் பிளாண்டின் எர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். சில்லில் மாட்டிவிட்டுச் சட்டத்தில் ஒட்டினால் கரண்ட் பெயாரிங்கின் குண்டுகளுக்குள்ளால் பாயும், புதுப் பெயாரிங்கும் அன்றைக்கே புள்ளி விழுந்துவிடும். ஸ்பிரிங் தகட்டின் மேல் ஒரு துளி ஒட்டுக்கூட விழக்கூடாது, அந்த இடத்தில்தான் பிறகு உடையும்.

ரயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் ஒரு எண் இருக்கும். 79 என்றால் 437 கிலோ, 84 என்றால் 500 கிலோ. உங்களுக்கு 84 அல்லது அதற்கு மேல். நான்கு இலக்கத் திகதி எண்ணையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ட்ரெய்லர் ரயர் தேய்ந்து போவதில்லை, வெயிலில் நின்று வெடித்துப் போகும்.

அக்சிலைப் பின்னுக்குத் தள்ளினால் சில்லு நெருப்புப் பெட்டிக்குக் கிட்ட வரும் என்பது உண்மை. இடையில் ஒரு தகட்டை, பெட்டியிலிருந்து ஒரு அங்குலம் காற்று போகும்படி விலக்கி மாட்டுங்கள். சாதாரண லித்தியம் கிறீஸ் 190 பாகை அளவில் உருகி ஓடும். ரயருக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. ஆறு மணித்தியாலம் எரித்த பிறகு ரயரின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் மறைப்புப் போதாது. சமைக்கும்போது நான்கு மூலையிலும் திருகுக் கால் இறக்கி, பாரத்தை ஸ்பிரிங்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒருவர் தளத்தில் ஏறினாலும் கொழுப்புத் தட்டுத் தளும்பாது. நெருப்போடு ஒருபோதும் இழுக்க வேண்டாம்.

பிரேக்கைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. ஐரோப்பாவில் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு 750 கிலோதான் எல்லை. நீங்கள் அந்த எல்லையில் நிற்கிறீர்கள், இழுப்பதோ பழைய வான். டிரம்மில் இருக்கும் ஹாண்ட்பிரேக் கேபிளை வீணாக்காமல், கப்ளிங் பின்னுக்குத் தள்ளப்படும்போது இழுபடும் வகைக் கப்ளிங்கோடு இணைக்கலாம். அது இப்போதைக்கு முடியாவிட்டால் ஒரு கைநெம்பையாவது கொழுவி, கழற்றி நிறுத்தும்போது பிடியுங்கள். வானில் பந்தைப் பம்பரில் பூட்டாமல் சட்டத்தில் பூட்டுங்கள். இரண்டு சங்கிலியைக் கப்ளிங்குக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். ட்ரெய்லரும் பதிவுக்குரிய வாகனம்தான், அதனால் இரும்பு வெட்ட முன்னமே ஒரு வரைபடத்தோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போய் வாருங்கள்.

இன்னொன்று, அக்சிலோடு சம்பந்தமில்லை, ஆனால் இப்போதே சொல்லாவிட்டால் பிந்திவிடும். அமெரிக்காவில் வலப்பக்கம் ஓடுகிறார்கள். அந்த வீடியோவில் உருளையின் கதவு வலப்பக்கம் திறந்தால் அது அவர்களுடைய வீதிக்கரைப் பக்கம். எங்களுக்குக் கரை இடப்பக்கம். அப்படியே பார்த்துச் செய்தால் நீங்கள் வாகனம் போகிற பக்கத்தில் நின்று இறைச்சி திருப்ப வேண்டிவரும்.

முதல் ஓட்டத்தைக் கசூரினாக் கடற்கரைக்கு வைக்காதீர்கள். ஊருக்குள் 10 கி.மீ. போய் நிறுத்தி, இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை சுட்டால் பிரேக் உரசுகிறது அல்லது பெயாரிங் இறுகியிருக்கிறது. சில்லு நட்டையும், ஸ்பிரிங்கை அக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டையும் அன்றைக்கே ஒருமுறை இறுக்குங்கள், 100 கி.மீ. ஓடியபின் மறுபடியும். கடற்கரைக்குப் போய் வந்தால் அடுத்த நாள் நல்ல தண்ணீரால் ஸ்பிரிங் தகடுகளின் இடுக்கைக் கழுவி, காய்ந்த பிறகு கிறீஸ் பூசுங்கள். உப்பு அந்த இடுக்கிலிருந்துதான் தின்னத் தொடங்கும். இந்த ஓட்டங்களுக்கெல்லாம் முன்னமே எனக்கு இரண்டு இலக்கம் எழுதி அனுப்புங்கள் தம்பி: சோக்குக் கோட்டிலிருந்து அக்சில் எத்தனை செ.மீ. பின்னால் வந்தது, வெறும் ட்ரெய்லரில் கப்ளிங்கில் எத்தனை கிலோ நின்றது. அதைப் பார்த்த பிறகு தாங்கிகளின் கடைசி ஒட்டைப் பிடிக்கலாம்.